கடை வாசலில் தொங்கிய வெள்ளை அட்டை

எங்கள் கடையில் உட்காருவதற்கு ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. கல்லாவுக்குப் பின்னால் இருந்த அது அப்பாவுடையது. சித்தப்பாவுக்கு வாசற்படி. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அதில் ஏறி நின்றாரென்றால் இரவு ஷட்டரை இறக்கும்வரை அங்கேதான். தெருவில் போகிற வருகிற ஒருவரையும் சும்மா விடமாட்டார்.

"வாங்கம்மா, வாங்கக்கா. ஜாக்கெட் பிட்டு, லைனிங், உள்பாவாடை, பிள்ளைகளுக்குக் கவுனு எல்லாம் இருக்கு. சும்மா உள்ள வந்து பாருங்க. வாங்கணும்னு இல்ல."

தியாகராய நகரில், உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் ஒரு நெரிசலான தெருவில் இருந்தது கடை. இரண்டு பக்கமும் எங்களுடையதைப் போலவே துணிக்கடைகள். ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் நின்று கூப்பிடுவார். அத்தனை பேருக்கு நடுவில் சித்தப்பாவின் குரலுக்குத் தனி மவுசு இருந்தது. ஆட்டோ இரைச்சலையும் பஸ் ஹாரனையும் தாண்டி அது எதிர்ப்பக்கத்துப் பிளாட்பாரத்துக்குப் போய், அங்கே வேறு கடையைப் பார்த்து நடந்துகொண்டிருக்கும் அம்மாக்களைத் திரும்பிப் பார்க்க வைக்கும். அந்தத் தொண்டை மட்டும் எங்களுக்கு இருந்தால் எப்போதோ மாடி கட்டியிருப்போம் என்று பக்கத்துக் கடைக்காரர் அப்பாவிடம் சொல்வார். அப்பா சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் தம்பிக்கு மிளகாய் சுற்றிப் போடச் சொல்வார்.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள். அப்பாதான் முதலில் வந்தவர். கடை ஓரளவு நிமிர்ந்த பிறகு சித்தப்பாவை வரவழைத்துக்கொண்டார். அண்ணன் தம்பி என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். சித்தப்பா வெடவெடவென்று ஒல்லியாக இருப்பார், குரல் மணி மாதிரி இருக்கும். அப்பா ஆள் பெரியவர், குரல் எப்போதும் கரகரவென்றிருக்கும். அதை அவருடைய பிறவிக் குரல் என்றே நான் நினைத்திருந்தேன். அப்பா என்றால் அப்படித்தான் பேசுவார் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அந்த வருஷம் நான் எட்டாம் வகுப்பு. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓர் அறிவியல் மாநாடு நடக்கப்போகிறது, அவரவர் பகுதியில் இருக்கும் சுற்றுச்சூழல் பிரச்சினை ஒன்றை எடுத்து நீங்களே ஆராய்ந்து கொண்டுவர வேண்டும் என்று சயின்ஸ் மிஸ் அறிவித்தார். வகுப்பில் பாதிப் பேர் உடனே கூவத்தை எடுத்துக்கொண்டார்கள். மீதிப் பாதி அடையாற்றை எடுத்துக்கொண்டது. போய்ப் பாலத்தில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தால் ஆய்வு முடிந்தது என்று எண்ணம். என் தோழி மைதிலிக்கும் எனக்கும் ஆறு மிஞ்சவில்லை. அதனால் காற்று கிடைத்தது.

செய்முறையை மிஸ்ஸே சொல்லித்தந்தார். வெள்ளைச் சார்ட்டைப் போஸ்ட் கார்டு அளவுக்கு வெட்டிக் கெட்டி அட்டையில் ஒட்டவேண்டும். ஒரு பக்கம் மெலிதாக வாசலின் களிம்பு தடவி, ஒரு ஆள் மூச்சு விடுகிற உயரத்தில் ஒரு வாரம் தொங்கவிட வேண்டும். காற்றில் இருக்கிற தூசியும் புகையும் அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். மூன்று இடங்களில் தொங்கவிட்டால் எந்த இடத்துக் காற்று மோசம் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். இவ்வளவு லேசான ஆராய்ச்சி இருக்க முடியும் என்று எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை.

மூன்று இடங்களையும் அங்கேயே முடிவு செய்தோம். ஒன்று தி. நகரில் எங்கள் கடை வாசல். இரண்டாவது, கே.கே. நகரில் நாங்கள் குடியிருந்த வீட்டு பால்கனி. மூன்றாவது மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த மைதிலியின் வீட்டு வாசல். மறுநாள் மைதிலி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். "அந்தக் களிம்பு ஏதோ கொழுப்பாமே, ஆத்து வாசல்ல கட்டலாமான்னு அம்மா கேக்கறா. மிஸ்ஸைக் கேட்டுண்டு வான்னா." அது மிருகக் கொழுப்பு இல்லை, பூமிக்கடியில் கிடைக்கும் எண்ணெயிலிருந்து எடுப்பது என்று மிஸ் ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் மயிலாப்பூரில் ஆராய்ச்சிக்கு அனுமதி கிடைத்தது.

எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பாவுக்கு இருமல் வந்து பல மாதம் ஆகியிருந்தது. அவருக்கு வரன் வேறு பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் வீட்டார் வருகிற நாளில் அவர் வாயில் மிளகும் பனங்கற்கண்டும் அடக்கிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார். மாப்பிள்ளை அடக்கமானவர் என்று வந்தவர்கள் பாராட்டிவிட்டுப் போவார்கள். ஆனால் படுத்தால் இருமல் விடாது. டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, வாசலில் நிற்பதை விட்டால்தான் இருமல் போகும் என்றிருந்தார். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. வருஷத்தில் பாதி வியாபாரம் அந்த ஒரு மாதத்தில்தான். அப்பா பிடிகொடுக்காமல் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் இரவு அப்பா மட்டும் முன்னால் வந்துவிட்டார். சித்தப்பா ஷட்டரை இறக்கிவிட்டு வருவதாக ஏற்பாடு. தோசையை வைத்துக்கொண்டே அம்மா பேச்சைத் தொடங்கினாள்.

"டாக்டர் இன்னிக்கும் அதத்தான் சொன்னாராம். தம்பிக்குத் தூசி ஆவாது, உள்ள உக்கார வைங்கன்னு."

"அவருக்கென்ன, சொல்லிட்டுப் போயிருவாரு. மெட்ராஸ்ல தூசி இல்லாத இடம் எதுன்னு அவரையே காட்டச் சொல்லு."

"எல்லா இடமும் ஒண்ணாயிருமா? கடை வாசல்ல நின்னு பாத்தாத் தெரியும்."

சொல்லிவிட்டு அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஏன் கடித்துக்கொள்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. அப்பா பிட்ட தோசையைத் தட்டிலேயே போட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, நீ என்னமோ அட்டை கட்டப் போறேன்னியே, கட்டு. மூணு இடத்துல நம்ம கடையிலதான் தூசி சாஸ்தின்னு வந்துச்சுன்னா, தீபாவளிக்கு முந்தியே உங்க சித்தப்பன உள்ள உக்கார வைக்கேன். இல்லன்னா யாரும் இந்தப் பேச்ச எடுக்கப்படாது."

அம்மா என்னைப் பார்த்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜில்லா கலெக்டராகவே ஆகிவிட்ட மாதிரி இருந்தது. என் அட்டை சொன்னால் சித்தப்பா உள்ளே உட்காருவார். அது என்ன சொல்லும் என்பதில் எனக்குக் கடுகளவும் சந்தேகமில்லை. அப்பா சொன்னால் சொன்னதுதான் என்பதும் எனக்குத் தெரியும். சித்தப்பாவிடம் முன்கூட்டிச் சொல்லாமல், முடிவு வந்த பிறகு சொல்லி ஆச்சரியப்படுத்தலாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை அட்டையைக் கட்டினேன். மிஸ் சொன்ன உயரத்தைக் கண்டுபிடிக்கச் சித்தப்பாவைப் படியில் நிற்கச் சொல்லி, அவர் மூக்குக்கு நேராக ஷட்டர் சட்டத்தில் ஆணி அடித்தோம். மழையில் நனையக்கூடாது, கீழே விழக்கூடாது, யாரும் பிய்த்துக்கொண்டு போய்விடக்கூடாது என்று சொல்லி, பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தேன். அவர் அதை வெகு மரியாதையோடு ஏற்றுக்கொண்டார். "ஒரு ஈ காக்கா தொடாது. நான் இங்கனதான நிக்கேன்" என்றார். எதிரில் ஆட்டோ நிறுத்தியிருந்தவர் கட்டும்போதே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணே, போர்டு தொங்க உட்டுக்கினு கீறே. கடைய வாடகைக்கி உடப் போறியா?"

"இது ஆராய்ச்சிய்யா. எங்க அண்ணன் மவ செய்தா" என்றார் சித்தப்பா, மார்பை நிமிர்த்திக்கொண்டு. அன்று முழுக்க, கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஜாக்கெட் பிட்டைக் காட்டுவதற்கு முன்னால் அட்டையைக் காட்டினாராம்.

அந்த வாரம் நான் கடைப்பக்கம் போகவில்லை. பள்ளி விட்டதும் பஸ் பிடித்துக் கே.கே. நகருக்குப் போய்விடுவேன். பால்கனி அட்டையை நாளும் போய்ப் பார்த்தேன். புழுதி கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தது. அந்த வாரத்தில் வேறொன்றும் நடந்தது, ஆனால் அதற்கும் ஆராய்ச்சிக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அம்மா சித்தப்பாவின் கைக்குட்டைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சட்டைக் காலரில் கறுப்பு ஏறுவது எப்போதும் உள்ளதுதான், கைக்குட்டைக்கு என்ன வந்தது, ஒரே கரியும் பிசுக்குமாக இருக்கிறது, எத்தனை சோப்புப் போட்டாலும் போகமாட்டேன் என்கிறது, எதைத்தான் துடைக்கிறாரோ என்று அலுத்துக்கொண்டாள். நான் வரலாற்றுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை அட்டையைக் கழற்றப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். பளிச்சென்று இருந்தது. நான் கட்டிய அன்றைவிடக்கூட வெள்ளையாக இருந்தது என்று சொன்னால் நம்புங்கள். வாசலின் மட்டும் அப்போதுதான் தடவியதுபோல் மினுமினுத்தது. இந்தப் பக்கம் ஆட்டோ புகையைக் கக்கிக்கொண்டு நிற்கிறது, அந்தப் பக்கம் பஸ் உறுமுகிறது, நடுவில் சித்தப்பா லொக்லொக் என்று இருமிக்கொண்டே வாங்கக்கா என்கிறார். அட்டையில் மட்டும் ஒரு புள்ளி இல்லை. வீட்டு பால்கனி அட்டை வெளிர் பழுப்பாகியிருந்தது. மைதிலி கொண்டுவந்தது சாம்பல் நிறத்தில் இருந்தது.

"உங்க கடை வாசலுக்கு ஏசி போட்டிருக்கேளாடி?" என்றாள் மைதிலி. அவளை அடிக்க வேண்டும் போல இருந்தது.

அப்பா அட்டையை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. அன்று இரவு சாப்பிடும்போது சித்தப்பாவும் இருந்தார். "பாத்தியா, பள்ளிக்கூடத்துலயே பரிசோதன பண்ணிட்டாவ. நம்ம கடை வாசல்ல தூசியே கெடையாதாம்" என்றார் அப்பா. சித்தப்பா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "சரிண்ணே" என்றார். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்தது. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோய்விட்டார். அம்மா ஒன்றும் பேசவில்லை. பேச்சை எடுக்கக்கூடாது என்பது ஒப்பந்தம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அட்டையே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. அன்றைக்குத் தூக்கம் வரவில்லை, அடுத்த அறையில் இருமல் நிற்கவும் இல்லை.

திங்கட்கிழமை மூன்று அட்டைகளையும் மேஜையில் பரப்பிவைத்துப் பார்த்த மிஸ், தி. நகர் அட்டையை விரலால் தொட்டார். "இது ஒரு வாரம் வெளியில் இருந்த அட்டையே இல்லை. புதுசா ஒண்ணு செஞ்சு மறுபடி கட்டு. இந்தத் தடவை கூட இருந்து பார்" என்றார். நான் ஏமாற்றுகிறேன் என்று அவர் நினைப்பதாக எனக்குப் பட்டது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அன்று சாயங்காலம் புது அட்டையோடு நேரே கடைக்குப் போய்விட்டேன். சட்டத்தில் அதைக் கட்டிவிட்டு, ரெடிமேட் கவுன் தொங்கும் கம்பிக்குக் கீழே ஒரு துணி மூட்டையின்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

விளக்கு வைக்கிற நேரம் வந்தது. எங்கள் தெருவில் எந்தக் கடையானாலும் இதற்கு ஒரு முறை உண்டு. அந்த நேரத்தில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் சரி, வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, சாமி படத்தைத் துடைத்து, கண்ணாடியைத் துடைத்து, அதற்குப் பிறகுதான் விளக்கேற்றுவார்கள். லட்சுமி உள்ளே வருகிற வேளையில் வாசலில் அழுக்கு இருக்கக்கூடாது. எங்கள் கடையில் இது சித்தப்பாவின் வேலை. பெருக்கினார், தெளித்தார். பெயர்ப்பலகையின் கீழ் விளிம்பைத் துடைத்தார், ஷட்டர் சட்டத்தைத் துடைத்தார். பிறகு இடுப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்து, குழந்தையின் முகத்தைத் துடைப்பதுபோல ஒரு கையால் அட்டையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் அழுத்தித் துடைத்தார். அதோடு முடியவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி டப்பாவை எடுத்துத் திறந்தார். வாசலின். அவராகவே வாங்கி வைத்திருந்தார். ஒரு விரலால் எடுத்து, ஓரத்தில் வழியாமல், நான் தடவியதைவிட நேர்த்தியாகத் தடவினார்.

"என்ன சித்தப்பா செய்றீங்க?"

"பயப்படாதட்டி. போன வாரம் பூரா இப்படித்தான் பாத்துக்கிட்டேன். நாள் முடியுமுன்ன கன்னங்கரேல்னு ஆயிருது பாத்துக்க. விளக்கு வைக்கிற நேரத்துல அத எப்படித் தொங்கப் போட? உன்னது வீணாயிரப்படாதுன்னு தொடச்சு, புதுசாத் தடவிருவேன்."

இனிமேல் அழுது பயனில்லை. அட்டை அழுக்காவதற்குத்தான் கட்டுவது, எவ்வளவு அழுக்கோ அவ்வளவு சரி என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. "அப்ப அழுக்கானாத்தான் மார்க்கா?" என்று இரண்டு தரம் கேட்டார். ஆமாம் என்றதும் விழுந்து விழுந்து சிரித்தார், சிரிப்பு இருமலாக மாறும்வரை சிரித்தார். அந்த இருமலைக் கேட்டதும் என்னால் அடக்க முடியவில்லை. அப்பா செய்த ஒப்பந்தத்தைப் போட்டு உடைத்துவிட்டேன். அட்டை கறுப்பாக இருந்திருந்தால் இந்நேரம் நீங்கள் உள்ளே உட்கார்ந்திருப்பீர்கள் என்றேன்.

துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, கல்லாவில் குனிந்திருந்த அப்பாவைப் பார்த்தார்.

"அண்ணனா அப்படிச் சொன்னாவ?"

"ஆமா."

"வேண்டாம்ட்டி. மொத அட்டையே இருந்துட்டுப் போவட்டும். அதக் கொண்டுபோய்க் குடுத்துரு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இந்த மனிதருக்காகத்தான் நான் இவ்வளவு பாடுபடுகிறேன், அவரோ வேண்டாம் என்கிறார். மிஸ்ஸிடம் நான் திருட்டுப் பட்டம் வாங்க வேண்டுமா என்று கேட்டேன். அதோடு நிற்காமல் அவர் வலது கையை இழுத்து என் உச்சந்தலையில் வைத்து, அட்டையைத் துடைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொன்னேன். அவர் கையை உருவிக்கொள்ளப் பார்த்தார். நான் விடவில்லை. கடைசியில் "சரி, தொடல" என்றார். என் தலைமேல் சத்தியம் செய்துவிட்டு அதை மீறுகிறவர் எங்கள் வீட்டில் யாரும் கிடையாது.

அந்த வாரம் அவர் பட்ட பாட்டை ஆட்டோக்காரர்தான் பிறகு எனக்குச் சொன்னார். சாயங்காலமானால் சுற்றிலும் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, அட்டைக்கு நேரே வந்து துணியும் கையுமாக நிற்பாராம். "தொடுறாரு தொடுறாருன்னு பாத்துக்கினே இருப்பேன், அப்பாலிக்கா திரும்பிக்குவாரு" என்றார்.

சனிக்கிழமை வந்தது. அட்டையின் நிறத்தை என்னவென்று சொல்வது, அடுப்பில் வைத்து எடுத்த தோசைக்கல் மாதிரி இருந்தது. நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளைக் கோடு விழுந்தது. வெற்றி என்று கத்தாத குறையாக அதை அப்பாவிடம் நீட்டி, சித்தப்பா துடைத்த கதையையும் முழுசாகச் சொன்னேன். அப்பா சிரிக்கவில்லை. ஒரு விரலை அட்டையில் வைத்துத் தேய்த்து, விரலை மூக்குக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். "அஞ்சே நாள்லயா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அட்டையை என்னிடம் திருப்பித் தந்துவிட்டு, விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் ஞாயிறு. தீபாவளிக் கூட்டம் தொடங்கிவிட்டதால் கடை உண்டு. நானும் போயிருந்தேன். ஷட்டரைத் தூக்கியதும் அப்பா தன் நாற்காலியைச் சித்தப்பாவுக்குக் காட்டினார்.

"உக்காரு."

"வேண்டாம்ணே. தீபாவளி முடியட்டும்."

"உக்காருங்கேன்."

சித்தப்பா நாற்காலியின் நுனியில், எந்த நேரமும் எழுந்து ஓடத் தயாராக இருப்பவர்போல உட்கார்ந்தார். அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு படியில் ஏறி நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு "வாங்கம்மா, வாங்க" என்றார். அந்தக் கரகரப்பு நாலடி தாண்டவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாகக் கூப்பிட்டார். ஒரு அம்மாள் பயந்துபோய் ஒதுங்கிப் போனாள். "ஓனரே கூவிக்கினு கீறாரு, இன்னா விசயம்?" என்று ஆட்டோக்காரர் கேட்டார். எனக்குக் கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது. பேசாமல் உள்ளே போய்ச் சித்தப்பா பக்கத்தில் நின்றுகொண்டேன். அவர் தீபாவளிக் கூட்டத்தைப் பார்க்கவில்லை, அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும், அப்பாவுக்குக் கூப்பிடவே தெரியவில்லை என்று அம்மாவிடம் புகார் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "தெரியாம என்ன? சித்தப்பா ஊர்லேருந்து வரதுக்கு முன்னால அத்தன வருசமும் அப்பாதான அங்க நின்னாரு. அந்தக் கொரலே அங்கதான போச்சு" என்றாள். நான் பிறப்பதற்கு முந்தைய கதைகளில் இதுவும் ஒன்று என்று கேட்டுக்கொண்டேன். மறுநாள் ரிப்போர்ட் எழுத வேண்டியிருந்தது.

சித்தப்பாவின் இருமல் மெள்ள மெள்ளக் குறைந்தது. தீபாவளி முடிந்த கையோடு ஒரு வரனும் அமைந்தது. பெண் வீட்டார் முன்னால் இந்தத் தடவை அவர் வாயைத் திறந்து பேசினார். அம்மா எப்போதும் போலத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காலரின் கறுப்பு முன்பு போலவேதான் இருந்தது. சட்டை மட்டும் பெரிய அளவுச் சட்டை.

மாநாடு நந்தனத்தில் ஒரு கல்லூரி அரங்கில் நடந்தது. கூவம் நாற்றமடிக்கிறது என்று ஏழெட்டுப் பள்ளிகள் கண்டுபிடித்திருந்தன. எங்கள் முறை வந்ததும் மைதிலி சார்ட்டைப் பிடித்துக்கொண்டாள், நான் பேசினேன். நான்கு அட்டைகளையும் வரிசையாக ஒட்டியிருந்தோம். வெள்ளை அட்டை எப்படி வந்தது என்ற கதையைச் சொன்னபோது நடுவர்கள் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பின்வரிசையில் நின்றிருந்த எங்கள் மிஸ்ஸும் சிரித்தார். தீர்வுகள் என்ற தலைப்பில் மரம் நடுதல், வாகனப் புகையைக் கட்டுப்படுத்துதல் என்று எல்லாரும் எழுதுகிறதையே நாங்களும் எழுதியிருந்தோம். நடுவில் உட்கார்ந்திருந்த கண்ணாடி போட்ட அம்மா அதையெல்லாம் தாண்டிப் போய், இந்த ஆய்வினால் உண்மையில் ஏதாவது மாறியதா என்று கேட்டார்.

மற்ற பிள்ளைகள் எல்லாம் இந்தக் கேள்விக்கு விழிப்புணர்வு என்று சொல்லியிருந்தார்கள். என்னிடம்தான் அசல் பதில் இருந்தது. "மாறிச்சு மேடம். எங்க சித்தப்பாவை அப்பா வாசல்லேருந்து எடுத்து உள்ள உக்கார வெச்சுட்டார். இப்ப இருமலே இல்ல" என்றேன். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்கள். ஒருவர் வெரி குட் என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மைதிலி சார்ட்டுக்குப் பின்னாலிருந்து என் காலை மிதித்துச் சந்தோஷத்தைத் தெரிவித்தாள்.

கண்ணாடி போட்ட அம்மா மட்டும் கறுப்பு அட்டையைப் பார்த்துக்கொண்டே, "அப்ப இப்போ வாசல்ல யாரும்மா நிக்கறாங்க?" என்று கேட்டார்.

"எங்க அப்பா" என்றேன், அரங்கம் முழுக்கக் கேட்கும்படி.

அதற்குப் பிறகு அவர்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பதில் சரியாக இருந்ததால்தான் கேட்பதை நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, மைதிலியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினேன்.